துரைக்கு இறங்காத சைக்கிள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேரித் தீவு வரை சைக்கிளில் போகிறவர் முதல் பாதியைக் கடனே என்றுதான் ஓட்ட வேண்டும். நல்ல பாதையெல்லாம் கிள்ளானுக்குத் தெற்கேதான். ஆனாலும் முழுத் தடத்தையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். சிலாங்கூரில் தமிழன் எங்கெங்கே குடியிருந்தான், எங்கிருந்தெல்லாம் எழுப்பப்பட்டான் என்பது அப்போதுதான் காலுக்குப் புரியும்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. செங்கல் சூளை, இரயில்வே குடியிருப்பு, யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில், 2010இல் வந்த லிட்டில் இந்தியா அலங்காரம் எல்லாவற்றையும் பலர் எழுதிவிட்டார்கள். சைக்கிள்காரனுக்கு அங்கே ஒரு சங்கதிதான் முக்கியம். டத்தாரான் மெர்டேக்காவையும் மிட்வேலியையும் இணைக்க 2015இல் திறந்த 5.5 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அந்த வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. திறப்பு விழா அன்று அது சைக்கிள் பாதை. மறுவாரம் முதல் பாதி இடம் மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடம்.

அதற்கப்பால் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் தடம். 1970களில் போட்டது, நாட்டிலேயே முதலாவது. மேம்பாலங்களுக்கு அடியில் குனிந்து நுழைகிற சுரங்கங்களில் மழை நேரத்தில் மோட்டார்காரர்கள் வண்டியோடு ஒதுங்கி நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். 1886இல் திறந்த கிள்ளான் இரயில் பாதையும், கிள்ளான் ஆறும் பக்கத்தில்தான் எங்கோ வருகின்றன. கண்ணில் படுவது தடுப்புச் சுவரும் விளம்பரப் பலகையும்.

இந்த நீளத்தில் வரைபடம் காட்டாத ஒன்றைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகை காட்டும். சீபீல்ட், எபோர், எமரால்ட், மிட்லண்ட்ஸ், நார்த் ஹம்மோக், புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ். இவை சுபாங் ஜெயாவிலும் ஷா ஆலமிலும் கிள்ளானிலும் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கிற பள்ளிகள். பெயருக்கு முன்னால் இன்னும் ‘லாடாங்’, அதாவது தோட்டம், என்று இருக்கும். பால்மரமும் இல்லை, செம்பனையும் இல்லை, லயமும் இல்லை. தோட்டம் என்ற சொல் பள்ளிக்கூட வாசலில் மட்டும் மிச்சம். ஷா ஆலம் என்ற மாநிலத் தலைநகரே தோட்டத்து நிலத்தில் எழுந்ததுதான். அந்தத் தோட்டங்களின் உள்சாலைகள் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கிள்ளானில் ஆற்றைக் கடக்கிற பழைய கோத்தா பாலத்துக்கு வந்தால் சைக்கிள்காரனுக்கு மரியாதை கிடைத்த காலம் ஒன்று இருந்தது தெரியும். அது இரண்டடுக்குப் பாலம். மேல்தட்டு கார்களுக்கும் லாரிகளுக்கும். கீழ்த்தட்டு நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும். 1960 வாக்கில் கட்டி முடித்தபோது தோட்டத்து மக்களின் வாகனம் சைக்கிள்தான் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு மேல்தட்டுக்கு வேலை போய்விட்டது.

நாங்கள் ஆற்றுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் இருந்தோம். அத்தையைக் கட்டிக்கொடுத்தது வடக்கே. ஆடி மாதத் திருவிழாவுக்கு அப்பா என்னை முன் பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்து, அம்மாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு கீழ்த்தட்டில் மிதிப்பார். தலைக்கு மேல் லாரி போனால் கூரை முழுக்க அதிரும். பக்கவாட்டில் சேற்று நிறத்தில் ஆறு, அதில் ஒன்றிரண்டு படகு. எதிரே வருகிற சைக்கிளில் பெரும்பாலும் தெரிந்த முகம்தான். “என்னண்ணே, தங்கச்சி தோட்டத்துக்கா?” “ஆமாப்பா, நாளைக்குத் தீமிதி.” யாரும் நிறுத்த மாட்டார்கள். பேச்சு ஆளைத் தாண்டிப் பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

அத்தை தோட்டத்தில் கரகம் எடுத்து வருவதும் தீமிதியும் கூழ் ஊற்றுவதும் எல்லாத் தோட்டத்திலும் நடப்பது மாதிரிதான். எனக்கு மறக்காதது தீமிதிக்கு முந்தின நாள் மாலை திடலில் நடக்கிற மெதுவோட்டச் சைக்கிள் போட்டி. சுண்ணாம்பில் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு தடம். கடைசியில் வருகிறவனுக்குப் பரிசு. கால் தரையில் பட்டால் ஆட்டத்திலிருந்து நீக்கம். காலையில் பால் வாளி சுமந்த அதே சைக்கிள்கள். கேரியரில் காய்ந்த பால் தடம் வெள்ளையாகத் தெரியும், பக்கத்தில் போனால் புளித்த வாடை அடிக்கும். ஹேண்டலை இப்படியும் அப்படியும் ஒடித்து, பிரேக்கைக் கடித்துப் பிடித்து, இருக்கையிலிருந்து எழுந்து நின்று, ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். தப்பு அடிக்கிறவர்கள் வேண்டுமென்றே வேகமாக அடித்து வெறியேற்றுவார்கள். தோட்ட எழுத்தரான கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் கால் பட்டது என்று தீர்ப்புச் சொல்வார். “பட்டுச்சு!” “படலைங்க கிராணி, செருப்புதான் பட்டுச்சு!” என்று வழக்கு இருட்டும் வரை நீளும். அப்பா ஒருமுறை ஜெயித்தார். பரிசு ஒரு எவர்சில்வர் தூக்கு. அம்மா அதைக் கடைசி வரை வெளியாளுக்குக் கொடுத்தனுப்பியதில்லை.

அந்தத் திடலில் உட்கார்ந்துதான் தாத்தா சொன்னார்: வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். துரை மட்டுமில்லை, கிராணிக்கும் இறங்க வேண்டும். ஏறியபடியே போனவனுக்குத் திட்டும் அடியும் கிடைக்கும்.

இது கதையில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலிலேயே இருக்கிறது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம், பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு, சங்கம் வைக்க உரிமை. இவற்றோடு சேர்த்து, துரைமாரும் உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது சைக்கிளில் ஏறியபடியே செல்லும் உரிமை. முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனை மே மாதம் கைது செய்து நாடு கடத்தினார்கள். அதன் பிறகு கலவரம் பரவியது, பட்டாளம் இறங்கியது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கூலிக்கும் கள்ளுக்கடைக்கும் போராடியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சைக்கிளை ஏதோ துணுக்கு மாதிரி கடைசியில் சொல்வார்கள். பட்டியலில் அதுவும் மற்றவற்றோடு சமமாகத்தான் நின்றது.

கிள்ளானிலிருந்து பந்திங் சாலை. லாரிப் புழுதி, தொழிற்சாலை, மாமாக் கடையில் ஒரு தே தாரேக். தெலுக் பங்லிமா காராங்கில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. தார் ஓரமாக நின்று டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செம்மண்ணில் இறங்க வேண்டும்.

இங்கேதான் கிரேவல் சைக்கிள் வாங்கியவர்களின் ஞாயிற்றுக்கிழமை. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதையில் ஓட்டுகிற படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய வண்டிகள். நம் செம்மண்ணின் குணம் வேறு. காய்ந்தால் லாரிச் சக்கரம் தட்டித் தட்டி அலை அலையாக இறுகி மணிக்கட்டை உலுக்கும். நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. தீவின் நிலம் கடல் களிமண். வரம்பு கட்டி, மதகு வைத்து, கடல் நீரை வெளியே தள்ளிப் பண்படுத்தியது. அதனால் சாலை மேடாகவும் இரண்டு பக்கமும் காவாய் ஆழமாகவும் இருக்கும். கவனம் தப்பினால் செம்பனை மட்டையோடு காவாயில்தான். மரங்களுக்கு நடுவே கம்பத்தில் மாட்டிய பெட்டிகளைப் பார்த்துப் புறாக்கூடு என்று நினைக்க வேண்டாம். எலியைப் பிடிக்கத் தோட்டக்காரர்கள் கூகை வளர்க்கிறார்கள்.

தீவில் மா மெரி பூர்வகுடியினரின் சுங்கை பும்புன் கிராமம் இருக்கிறது. மரத்தில் முகமூடி செதுக்குவதில் பேர் பெற்றவர்கள், நமக்கெல்லாம் முன்னவர்கள். தமிழர்களும் இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. குலை அறுக்கிற வேலையில் மட்டும் நம் ஆள் குறைவு, இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான்.

பிரான்சைச் சொன்னதால் இன்னொன்று. மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தமிழ்த் தொழிலாளிகளோடு பழகிய அனுபவம் கலந்து மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவர். அவர் பிறந்த சாராந்த் வட்டாரத்தில் இன்று யார் வேண்டுமானாலும் வயல்வெளிப் பாதையில் சைக்கிள் ஓட்டலாம். அங்கே கிராமப் பாதைகள் ஊராட்சியின் சொத்து, பொதுமக்கள் புழக்கத்துக்கு உரியவை. பக்கத்து நிலத்தை யார் வாங்கினாலும் பாதை ஊருக்குத்தான். அவர் நட்ட மரம் பரவிய நம் நாட்டிலோ தோட்டச் சாலை நிறுவனத்தின் சொத்து. காட்டை வெட்டிக் காவாய் தோண்டி அந்தச் சாலையைப் போட்டவர்களின் பேரன் நான், காவல் சாவடியில் அனுமதி கேட்டு நிற்கிறேன். காவலாளி நல்லவர், விட்டுவிடுகிறார். நான் பிறந்த தோட்டத்தில் கேட்பதற்குச் சாவடியும் இல்லை. நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டமான பிறகு நாங்கள் பள்ளிக்குப் போன சாலையை ஒரு மதில் குறுக்கே வெட்டியிருக்கிறது.

தீவில் துறைமுகம் கட்டும் பேச்சு 2017 முதல் வந்து வந்து போகிறது. என்றைக்காவது உறுதியாகும். அன்றைக்கு நிலத்துக்கு விலை பேசுவார்கள், கோயிலுக்கு இடம் பேசுவார்கள், பள்ளிக்கும் பேசுவார்கள். சாலையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சிலாங்கூர் அரசு செய்யக்கூடியது பெரிய காரியமில்லை: தோட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கேட்டு விண்ணப்பம் வரும்போது, அதன் பழைய பெரிய சாலை ஒன்றையாவது நடைக்கும் சைக்கிளுக்கும் உரிய பொதுவழியாக அரசிதழில் பதிவு செய்தால்தான் அனுமதி என்று நிபந்தனை போடலாம். சைக்கிள் குழுக்கள் இதைக் கேட்டு மனு கொடுக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்கள் அதில் முதல் கையெழுத்துப் போட வேண்டும்.