மைண்ட் மேப் போட்டால் மார்க் வருமா?

மெடிக்கல் மாணவர்களுக்கு மைண்ட் மேப் மீது ஒரு மயக்கம் உண்டு. வெள்ளைத் தாளின் நடுவே ஒரு வட்டம், நாலாபக்கமும் கிளைகள், கிளைக்கொரு ஸ்கெட்ச் பேனா. 1970களில் இங்கிலாந்தின் டோனி புசான் இதைப் பிரபலப்படுத்தினார். முழுப் புத்தகத்தையும் ஒரே தாளில் அடக்கிவிடலாம் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது?

ஆனால் பலன் உண்டா? 2002-ல் லண்டனில் 50 மருத்துவ மாணவர்களிடம் 600 வார்த்தையில் ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து, மைண்ட் மேப் போட்டவர்களுக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முறையில் அவர்களுக்கு ஆர்வம் குறைவு! 2007-ல் கொழும்பிலும் 2010-ல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகளில் மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை.

ஆக, மனப்பாடத்துக்கு இது மந்திரக்கோல் அல்ல. சீனியர் போட்ட மேப்பை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது அதைவிட வீண். அப்புறம் எதற்குத்தான் இது?

சத்துவாச்சாரியில் ரூம் எடுத்துப் படிக்கும் ஒரு மாணவர், தாளின் நடுவில் 'குரோமியம்' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் டேனரிகள் இருக்கும் ஊரில் இதைவிடப் பொருத்தமான வட்டம் கிடைக்காது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் நச்சு குறைவு. ஆறு இணைதிறனாக இருந்தால்தான் வினை. அது சல்பேட் போகும் வழியாகவே செல்லுக்குள் நுழைந்து டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது. இது பயோகெமிஸ்ட்ரி. ஆறாத புண்ணும் அலர்ஜியும் தோல் மருத்துவம். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது இ.என்.டி. நுரையீரல் புற்றுநோய்க்கு இன்னொரு புத்தகம். பாலாற்றுத் தண்ணீருக்கு ஒரு கிளை இழுத்தால், டேனரிக் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வரை போகும். அது கம்யூனிட்டி மெடிசின். அலமாரியில் தனித்தனியாக இருக்கும் ஐந்து புத்தகங்கள், ஓ.பி.யில் ஒரே ஆளின் உடம்பில் வந்து உட்காருகின்றன.

அந்த ஆளுக்குக் கையில் அரிப்பு. களிம்பு எழுதிக் கொடுத்தால் குறையும். மறுபடி வேலைக்குப் போவார், மறுபடி வரும். மேப்பில் 'வேலை' என்றொரு கிளை இல்லாதவரை இந்தச் சுற்று நிற்காது. நோயாளியிடம் என்ன தொழில் என்று கேட்கச் சொல்லி, இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-லேயே புத்தகம் போட்டுவிட்டார். தோல் பதனிடுவோரைப் பற்றியும் அதில் உண்டு.

சரி, கேட்டாயிற்று. "தோல் வேலைங்க" என்கிறார். அதோடு கிளையை முடித்துவிட முடியாது. சுண்ணாம்புக் குழியில் நிற்பவருக்குக் காரம் பட்டுத் தோல் வெந்திருக்கலாம். குரோம் டிரம் பக்கம் நிற்பவருக்கு அலர்ஜி. ஃபினிஷிங்கில் இருப்பவருக்குச் சாயமும் கரைப்பான்களும். ஷூ கம்பெனி என்றால் பசை. இந்த இடத்தில்தான் தாள் போதாமல் போகும்; இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.