கிழித்த ஓலை

என்னை நன்றாக அறிந்தவர்கள் யாரும் என் கையில் ஸ்பானரைக் கொடுப்பதில்லை. வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டால், என் மனைவி முதலில் என்னை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவாள். கதை எழுதுகிறவனுக்கும் யந்திரத்துக்கும் என்ன உறவு என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு நாளாக உண்டு. சென்ற ஆடி மாதம் அதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

எங்கள் கார் பதினோரு வயதான பெட்ரோல் கார். பரம சாது. அதற்குத் திடீரென்று ஒரு வியாதி கண்டது. காலை வேளையில் ஒழுங்காக ஓடும். வெயிலில் சிறிது நேரம் ஓடியதும், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் விட்டால், ஒன்றுமே நடக்காதது போல் மறுபடியும் கிளம்பும். கூடவே, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்றும் எதிரே எரிய ஆரம்பித்தது.

என் தகப்பனாரிடம் ஓர் அம்பாசிடர் இருந்தது. அதுவும் வெயிலில் நிற்கும். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக் கொண்டது என்று அர்த்தம். அவர் பதறமாட்டார். பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்து விடுவார். வெற்றிலை சிவப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வண்டி வைத்தியம் ஏதோ பரம்பரைச் சொத்தாக எனக்கும் வந்திருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன்.

ஆனால் இன்றைய கார் வேறு ஜாதி. எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது பொறியைத் தட்டுவது என்பதையெல்லாம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்கிறது. அதற்குக் கண்ணும் காதுமாக இருப்பவைதான் சென்சார்கள். ஏதாவது ஒன்று பேசாமல் போனால் கம்ப்யூட்டர் மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு, கோளாறுக்கு ஓர் எண்ணையும் குறித்து வைத்துக் கொள்ளும். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷ மாடல் முதல் இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். பின்னால் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதனால் விழுப்புரத்தில் நிற்கும் காரும் சிகாகோவில் நிற்கும் காரும் தங்கள் நோயை ஒரே பாஷையில் சொல்கின்றன.

பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அந்த எண்ணைப் படிக்கும் கருவி அவனிடம் இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிப் பார்த்துவிட்டு, "பி 0335, அங்கிள். கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சர்க்யூட்டுன்னு வருது" என்றான்.

இந்த வாக்கியத்தில் ஐந்தாறு வார்த்தைகள் இருக்கின்றன. எனக்குக் காதில் விழுந்தது 'சென்சார்' என்ற ஒரு வார்த்தைதான். அதற்கு அடுத்த வார்த்தையை நான் வாங்கிக் கொள்ளவே இல்லை. இந்தக் கட்டுரையே அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான்.

கார் இல்லாத வாசகர்கள் பயப்பட வேண்டாம், விஷயம் எளியது. எஞ்சினின் நடுத் தண்டோடு ஒரு பல் சக்கரம் சுழல்கிறது. பல கார்களில் 60 பல்லுக்கு இடம் வகுத்து, 2 பல்லை வேண்டுமென்றே எடுத்திருப்பார்கள். அந்தப் பொக்கைதான் அடையாளம். சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி இந்தச் சென்சார் உட்கார்ந்திருக்கும். எங்கள் காரில் இருப்பது, உள்ளே ஒரு காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட வகை. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு சிறு மின் துடிப்பு பிறக்கும். அது ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். துடிப்பு வராவிட்டால், எஞ்சின் சுற்றுகிறதா நிற்கிறதா என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உடனே பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிடும்.

ஆயிரத்து அறுநூறு ரூபாய் கொடுத்து ஒரு சென்சார் வாங்கி வந்தேன். ஃபோனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். ஒரே ஒரு போல்ட்டுதான். பழைய சென்சார் வர மறுத்தது. திருப்புளியைக் கொடுத்து நெம்பினேன். கனெக்டரின் பூட்டு எங்கே என்று தெரியவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தேன். வந்தது. புதியதைப் பொருத்தி முடிப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியாகப் பையனின் கருவியை வாங்கி, கோளாறு எண்ணை அழிக்கும் பொத்தானை நானே அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கருவி கேட்டது. நிச்சயமாக என்றேன். விளக்கு அணைந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காண்பித்தேன்.

"விளக்குத்தானே அணைஞ்சிருக்கு?" என்றாள் அவள். பொறாமை என்று நினைத்தேன்.

இரண்டு நாள் வண்டி பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள் ஆடி சுவாதி.

கும்பகோணத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். எழுபத்திரண்டு வயது. சுந்தரமூர்த்தி நாயனாருக்குக் குருபூஜை நாளான அன்று, அவர் பிறந்த திருநாவலூரிலேயே தரிசனம் செய்ய வேண்டும் என்பது அத்திம்பேர் இருந்த காலத்திலிருந்து அவளுக்கு ஆசை. விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக் கூடிய ஊர்தான்.

"வண்டி நல்லா இருக்காடா? ஏதோ நின்னு நின்னு போறதுன்னு சொன்னியே?" என்று ஏறும்போதே கேட்டாள்.

"அதெல்லாம் சரி பண்ணியாச்சு, அக்கா. நானே பண்ணினேன்" என்றேன்.

வழியெல்லாம் அவள் சுந்தரர் கதையைச் சொல்லிக் கொண்டு வந்தாள். புத்தூரில் கலியாணப் பந்தலில் மணக்கோலத்தில் இருக்கிறார் சுந்தரர். ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது; நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரருக்குக் கோபம் வருகிறது. ஓடிப் போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்து எறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது நகல்தான், மூல ஓலை இதோ இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்டுகிறார். சபையார் பாட்டனின் வேறு கையெழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

"பிடிக்காத சேதி வந்தா சேதி கொண்டு வந்த ஓலையைக் கிழிக்கிறது. அவ்வளவு பெரியவருக்கே அந்தப் புத்தி வந்திருக்கு பாரு" என்றாள் அக்கா.

திருநாவலூருக்குத் திரும்பும் இடம் இன்னும் சிறிது தூரம்தான். சென்னை - திருச்சி நான்கு வழிச் சாலை. நடுப்பகல் கடந்த வெயில். ஒரு லாரியைத் தாண்டி முன்னால் வந்தேன். அந்தக் கணத்தில் எஞ்சின் நின்றது.

ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் அதற்கு முன் உடம்பால் அறிந்ததில்லை. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்குக்கும் எஞ்சின்தான் பக்கபலம். இரண்டொரு மிதிக்கு மேல் அந்தப் பலம் இராது. பின்னால் லாரியின் ஹாரன் அலறியது. எப்படியோ இடது ஓரத்துக்கு வண்டியைக் கொண்டு வந்தேன். லாரி எங்களை ஒரு முழ இடைவெளியில் கடந்து போயிற்று. அந்தக் காற்றில் கார் ஒரு தரம் ஆடியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கண்ணை மூடிக் கொண்டிருந்தாள். என் கை நடுங்கியதை இருவரும் பார்த்திருப்பார்கள்.

சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் சுழன்றதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. கிளைச் சாலையில் ஒரு பட்டறை இருப்பதாக அவ்வழியே வந்த இரண்டு இளைஞர்கள் சொன்னார்கள். அவர்களே தள்ளியும் கொடுத்தார்கள். டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் நிற்கும் சிறிய பட்டறை. பக்கத்தில் ஒரு டீக்கடை. அக்காவையும் மனைவியையும் ஆட்டோவில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்பினேன். "நீ வண்டியைப் பாரு. சுந்தரரை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பானட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"நிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளு மெதுவா இறங்குச்சா, டக்குன்னு விழுந்துச்சா சார்?"

யோசித்துப் பார்த்தேன். வண்டி ஓடிக் கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது.

"கிளட்சை மிதிக்கலையே? அப்ப சக்கரம் எஞ்சினைச் சுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கும். பெட்ரோல் வராம நின்னிருந்தா முள்ளு வேகத்தோடதான் இறங்கும். எஞ்சின் சுத்தும்போதே முள்ளு விழுந்தா, சுத்துற சேதி கம்ப்யூட்டருக்குப் போகலைன்னு அர்த்தம். சரி, கடைசியா எதுல கை வச்சீங்க?"

இதுதான் என்னைச் சுட்ட கேள்வி. தயங்கித் தயங்கி என் பராக்கிரமத்தைச் சொன்னேன்.

"எண் என்னான்னு சொல்லிச்சு?"

"சென்சார் என்று..."

"சென்சார்னு சொல்லியிருக்காது சார். சர்க்யூட்டுன்னு சொல்லியிருக்கும். சென்சாரு, ஒயரு, கனெக்டரு, எல்லாம் சேர்ந்ததுதான் அது. எந்தச் சூட்டுல, எந்த ஸ்பீடுல நின்னுச்சுன்னும் அதுலயே பதிவாகியிருக்கும். அதைப் பார்த்தீங்களா?"

"அழித்துவிட்டேன்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அக்காவின் கதை நினைவுக்கு வந்தது. சுந்தரராவது நகலைக் கிழித்தார். நான் கிழித்தது மூல ஓலையை.

இதற்குள் எஞ்சின் ஆறியிருந்ததால் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அதை அப்படியே ஓடவிட்டு, ஒரு மரக் குச்சியால் ஒயர்களை ஒவ்வொன்றாக லேசாக அசைத்துக் கொண்டே வந்தார். கனெக்டருக்கு நாலு விரற்கடை முன்னால் ஓர் இடத்தில் குச்சி பட்டதும் எஞ்சின் அணைந்தது. மறுபடி கிளப்பி அசைத்தார். மறுபடி அணைந்தது.

ஒயரைத் தள்ளிப் பிடித்திருந்த கிளிப் எப்போதோ உடைந்து போயிருந்தது. ஒயர் போய் எக்ஸாஸ்ட் குழாயின் பக்கம் சாய்ந்து, வருஷக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்து, மேலுறை வெடித்து, உள்ளே கம்பி இழை இழையாக அறுந்து கொண்டிருந்தது. சூட்டில் விலகும், ஆறினால் தொட்டுக் கொள்ளும். நான் இழுத்த இழுப்பில் மிச்சமிருந்த இழைகளில் பாதி போய்விட்டன. இடம் மாறியதில் தற்செயலாக இரண்டு நாள் ஒட்டிக் கொண்டிருந்தது. அதைத்தான் நான் சிகிச்சை என்று நம்பியிருந்தேன். கனெக்டரின் பூட்டும் சரியாக விழவில்லை. 'கிளிக்' என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டுமாம்.

"பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

நல்ல வேளையாக டிக்கியில் கிடந்தது. மல்டிமீட்டரை வைத்து அளந்தார். பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, டீக்கடையில் கொதிநீர் வாங்கி அதில் அமிழ்த்தி வைத்து மறுபடி அளந்தார். "சூட்டுக்கு அளவு கொஞ்சம் ஏறும், அது சகஜம். உள்ளே அறுந்திருந்தா அளவே காட்டாது. இது நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதியதன் முனை ஒரு நகக்கண் அளவு குட்டை. சக்கரத்துக்கும் அதற்கும் இடைவெளி கூடினால் துடிப்பு பலவீனமாகுமாம். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் இரண்டு கையெழுத்தையும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தீர்ப்பு பழையதன் பக்கம். ஒரு குற்றமும் செய்யாததைத்தான் நான் நெம்பி எடுத்து எறிந்திருக்கிறேன்.

வெந்த ஒயரை வெட்டி, புதிய துண்டை ஈயம் வைத்துப் பற்ற வைத்து, உறை போட்டு, குழாயிலிருந்து தள்ளிக் கட்டினார். பழைய சென்சாரையே துடைத்துப் பொருத்தினார். கூலி முந்நூற்றைம்பது ரூபாய். நான் ஐந்நூறு கொடுத்தேன். மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

கோயிலுக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. முதற்பராந்தகனின் மகன் இராஜாதித்தன் கல்லால் எடுப்பித்த கோயில் அது. 949-இல் தக்கோலப் போரில் யானை மேலேயே உயிர் விட்டவன் அவன். சுந்தரர், பரவையோடும் சங்கிலியோடும் நிற்கிறார். அக்கா பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தாள். பூஜையை நிறைவாகப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். விபூதியை என் நெற்றியில் இட்டாள்.

நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். லாரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"நான் ஏறும்போதே கேட்டேன், வண்டி நல்லா இருக்கான்னு" என்றாள் அவள். "தெரியலை அக்கான்னு சொல்லியிருந்தா பஸ்ஸிலே வந்திருப்போம். லாரிக்காரன் அத்தனை கிட்டே வந்திருக்க வேண்டாம்."

நான் கோபுரத்தைப் பார்த்துக் கொண்டு நின்றேன்.

அந்தக் கார் இன்றும் எங்களிடம் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து மஞ்சள் விளக்கு மறுபடியும் ஒரு நாள் எரிந்தது. வேறு ஏதோ கோளாறு. பையன் எண்ணைப் படித்தான். அவன் சொன்ன வார்த்தைகள் அத்தனையையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டேன். "அழிச்சுடட்டுமா, அங்கிள்?" என்று கேட்டான்.

"இரு" என்றேன்.