அக்காள் மகளோடு ஒரு சனிக்கிழமை



இங்கிலாந்தில் ஆகஸ்டு மாதம் கோடை விடுமுறை. நமக்கு அப்படியொரு தனிப் பருவமே கிடையாது. ஆண்டு முழுவதும் கோடைதான், நடுநடுவே மழை. ஆகவே, “கோடைக்கு வருகிறோம்” என்று அக்காள் தொலைபேசியில் கூறியபோது, “கோடைன்னா எந்த மாசம்பா?” என்று என் மகன் கேட்டதில் வியப்பில்லை. சென்ற ஆகஸ்டில் அக்காளும் அத்தானும் அவர்களின் ஒன்பது வயது மகளும் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்து இரண்டு வாரம் தங்கிச் சென்றனர். இங்கே பள்ளி நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கிடைத்தவை வார இறுதி நாள்கள் மட்டுமே. அவற்றுள் ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுத விழைகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காள் செவிலியர். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்குப் பணிக்குச் சென்றவர். அத்தான் ஆங்கிலேயர். மருமகளுக்குத் தமிழ் தெரியாது. என் அம்மாவுக்கோ ஆங்கிலம் தெரியாது. ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். தமிழும் சந்தையில் பழகிய மலாயும்தான் அவருடைய மொழிகள். பாட்டியும் பேத்தியும் கடைசியாகச் சந்தித்தபோது பேத்திக்கு மூன்று வயது. அப்போது மொழி தேவைப்படவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் போதும். இப்போது இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். சிரிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போயினர்.

எனக்கு உள்ளூர வருத்தம். வருத்தம் என்பதைவிடச் சினம் என்பதே சரியான சொல். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் அல்லவா! ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்காளுக்கு எழுதும் மடலில் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்படி ஒரு பத்தி எழுதாமல் விட்டதில்லை. வந்த இரண்டாம் நாளே வகுப்பிலிருந்து எழுத்தட்டைகளையும் முதலாம் ஆண்டுப் பாடநூலையும் வீட்டிற்குக் கொண்டுவந்து அவளை மேசைமுன் உட்கார வைத்துவிட்டேன். பயிற்சிக் கழகத்தில் கற்ற பீடிகை முதல் முடிவு வரை ஒன்றையும் விடவில்லை. அந்தப் பிள்ளை மிகுந்த பணிவோடு நான் சொன்னவற்றைத் திருப்பிச் சொன்னாள். ‘ட’ என்ற அட்டையைப் பார்த்து, “இது ஆங்கில எல் மாதிரியே இருக்கிறது” என்றாள். மூன்றாம் நாள் என் மகிழுந்தின் ஓசை கேட்டதும் குளியலறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டாள்!

அன்றிரவு அக்காள் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அவ பாட்டியப் பார்க்க வந்திருக்கா. பள்ளிக்கூடத்துக்கு வரல.” நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். “பாட்டியிடம் ஒரு வார்த்தை பேச முடியாதவள் வந்தென்ன, வராவிட்டால் என்ன” என்று சொல்லிவிட்டேன். அக்காள் மறுமொழி கூறாமல் அறைக்குள் சென்றுவிட்டார். மறுநாள் முழுவதும் தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்பதைத் தவிர நாங்கள் இருவரும் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. இந்த மனநிலையில்தான் சனிக்கிழமை விடியற்காலையில் எழுவரும் ஒரு வாடகை வேனில் ஏறினோம்.

முதலில் கோலகங்சாரில் பசியாற நிறுத்தினோம். சாலையோர ஒட்டுக்கடை. வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக், தே தாரிக். என் மனைவி முந்தின இரவே இட்லி அவித்து எடுத்து வந்திருந்தார். ஆனால் அதைத் தொட ஆளில்லை. மருமகள் பொட்டலத்தைப் பிரித்து, வேர்க்கடலையையும் நெத்திலியையும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சம்பலில் விரலை வைத்தாள். அம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைக் குவித்து ஊதிக்காட்டி, “காரம்!” என்றார். “காரம்?” என்றாள் பேத்தி. “காரம்!” என்று தலையாட்டினார் பாட்டி. அந்நேரம் அத்தான் தம் பங்குச் சம்பலை முழுவதுமாகச் சோற்றில் பிசைந்து உண்டுவிட்டு, முகம் செம்பருத்திபோல் சிவக்க, கண்ணீர் வழிய அமர்ந்திருந்தார். பிள்ளை அவரைச் சுட்டிக்காட்டி, “பாட்டி, காரம்!” என்று கத்தினாள். கடைக்கார மலாய் அம்மையாரும் சேர்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது; அக்காளைப் பார்த்தேன், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால், என் பக்கம் திரும்பவில்லை.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் இந்நாட்டில் முதன்முதலாக நடப்பட்ட ரப்பர் மரங்களுள் எஞ்சியிருப்பது. பிரேசில் காட்டில் பொறுக்கிய விதைகள் 1876-இல் இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குச் சென்று முளைத்து, அங்கிருந்து கப்பலேறிக் கீழ்த்திசைக்கு வந்தவை. மாணவர்களோடு பலமுறை இங்கு வந்திருக்கிறேன். ஆண்டு, பெயர், வரலாறு எல்லாம் மனப்பாடம். அத்தானுக்கு அவற்றை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா மரத்தின் அருகே சென்று அண்ணாந்து பார்த்தார். அவரை நான் இங்கு அழைத்து வந்தது அன்றுதான் முதன்முறை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எவ்ளோ பெருசு! இத எந்தக் கத்தியால வெட்டுறது?” என்றார். பிறகு, கையில் இல்லாத கத்தியை இரு கைகளாலும் பிடித்து, முழங்காலைச் சற்றே வளைத்து, இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோட்டின் முடிவில் ஒரு கையைக் குழித்து ஏந்தினார். பேத்தியும் பக்கத்தில் நின்று அப்படியே செய்தாள். “அவளுக்குச் சொல்லு, விடியாத நேரத்துல பெரட்டுக்குப் போவோம், அப்புறம் அவங்கவங்க நிரைக்குப் போவோம், பால் மங்குல சொட்டும்” என்று அம்மா என் மகனிடம் மொழிபெயர்க்கச் சொன்னார். அவன் விழித்தான். அவனுக்கு ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்தேன். அவனோ என்னிடம் திரும்பி, “அப்பா, பெரட்டுன்னா என்னா? மங்குன்னா?” என்றான்.

ஆசிரிய நண்பர்களே, ஆறாம் ஆண்டு மாணவன். தமிழில் நல்ல தேர்ச்சி பெறுபவன். திருக்குறளை அடிபிறழாமல் ஒப்புவிப்பவன். அவன் பாட்டி முப்பது ஆண்டுகள் நாள்தோறும் புழங்கிய சொற்கள் அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளை அவற்றைக் கேட்க நான் வாய்ப்பே ஏற்படுத்தியதில்லை. அதிகாலையில் வேலையாள்கள் கூடிப் பெயர் கொடுப்பது பெரட்டு, ஒருவர் வெட்டவேண்டிய மரங்களின் வரிசை நிரை, பால் வடியும் கிண்ணம் மங்கு என்று நான் சொல்ல, அவன் அதை ஆங்கிலமாக்கி அத்தை மகளிடம் சொன்னான். இருவரும் ஒரே நேரத்தில்தான் அவற்றைக் கற்றுக்கொண்டார்கள். அக்காள் அப்போது என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

தைப்பிங் ஏரிப் பூங்காவை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880-ஆம் ஆண்டுவாக்கில் பூங்காவாக்கினார்கள். சாலையோரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் கிளைகளைத் தாழ நீட்டி ஏரிநீரைத் தொட முயல்வதைக் காணக் கண் கோடி வேண்டும். பிள்ளைகள் கிளைகளுக்கடியில் ஓட, அத்தான் படமெடுக்க, நானும் அக்காளும் ஒரு கல் இருக்கையில் அமர்ந்தோம். மனைவி வேண்டுமென்றே அம்மாவை அழைத்துக்கொண்டு சற்றுத் தொலைவில் நடந்தார் என்றே எண்ணுகிறேன்.

“எனக்கு வாரத்துல நாலு நாள் ராத்திரி வேலை,” என்று அக்காள்தான் தொடங்கினார். “வீட்டுக்கு வந்தா அவ பள்ளிக்குப் போயிருப்பா. பொறந்தப்போ தமிழ்லதான் பேசினேன். ரெண்டு வயசு வரைக்கும் நெறைய சொல்லுவா. அப்புறம் அவ ஆங்கிலத்துல பதில் சொல்ல ஆரம்பிச்சா, நானும் அசதியில விட்டுட்டேன். தமிழ்ப் பேச அங்க எனக்கே ஆள் இல்ல தம்பி. ஒன் மடல் வரும். அதத் திறக்கவே பயமா இருக்கும்.”

நான் எழுதிய மடல்களில் ஒன்றிலாவது, “அக்கா, நலமா? வேலை கடினமா?” என்று கேட்டிருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். கேட்டிருப்பேன், முதல் வரியில், வழக்கத்திற்காக. “அன்னைக்குச் சொன்னது தப்புக்கா” என்றேன். “சரி, செண்டோல் வாங்கிக் கொடு” என்றார் அக்காள்.

தைப்பிங் செண்டோலைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். பாண்டான் இலைச் சாற்றின் பச்சை நிறத்தில் அரிசிமாவுப் புழுக்கள் (மருமகள் வைத்த பெயர்!), சிவப்பு அவரை, தேங்காய்ப்பால், சீவிய பனிக்கட்டி, இவற்றின்மேல் தென்னங் கருப்பட்டிப் பாகு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். “ஒரு கரண்டி” என்று சொல்லி ஏழு கரண்டி உண்டார். எண்ணிக்கொண்டிருந்தவள் பேத்தி. “ஒன், டூ” என்று அவள் தொடங்க, பாட்டி “ஒண்ணு, ரெண்டு” என்று திருத்த, ஏழாவது கரண்டியில் “ஏளு” என்று முடித்தாள். சிறப்பு ழகரத்திற்காக என் வாய் திறந்தது. மனைவி என் காலை மிதித்தார். மூடிக்கொண்டேன்.

பிற்பகலில் கோலா செபெத்தாங் சென்றோம். போர்ட் வெல்ட் என்ற பழைய பெயரே நம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். மலாய் மாநிலங்களின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்திற்குத்தான் 1885-இல் போடப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இன்று தண்டவாளமும் இல்லை, தொடர்வண்டியும் இல்லை. ஊரின் நடுவே, கடைகளுக்கிடையில், நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஜாவி, ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் பெயர் எழுதப்பட்டிருக்கும். நாங்கள் இறால் மீ உண்ண இடம் தேடிக்கொண்டிருந்தபோது மருமகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, அந்த எல்!” என்றாள். பலகையில் இருந்த ‘ட்’டைத்தான் காட்டினாள். “தலைமேல் ஒரு புள்ளி இருக்கிறதே, ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். புள்ளி வைத்தால் ஓசை குறையும் என்று மட்டும் சொன்னேன். மெய்யெழுத்து, வல்லினம் என்றெல்லாம் சொல்லவில்லை. என் பணிக்காலத்திலேயே மிகச் சுருக்கமான பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

படகுப் பயணத்தை விவரித்தால் நீளும். மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 எக்டர். முப்பதாண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி, மீண்டும் வளர்த்து, சூளைகளில் கரியாக்குகிறார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் செம்பருந்துகள் பத்திருபது வட்டமிட்டு இறங்கின. அம்மா படகில் அமர்ந்தபடியே, “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நமக்கு அது கருடன் அல்லவா! பேத்தியும் போட்டுக்கொண்டாள். அத்தானும் போட்டுக்கொண்டார். சீனப் படகோட்டி எங்கள் எல்லாரையும் வியப்போடு பார்த்தார்.

திரும்பும் வழியில், புக்கிட் கந்தாங் சாலையோரத்தில் டுரியான் கடை. இப்பழத்திற்கு ‘முள்நாறி’ என்று நம்மவர்கள் சூட்டிய பெயர் பொருத்தமானதே. ஆனால், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடைக்காரர் எடுத்துத் தருவார்? மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் ஓடினாள். அம்மா ஒரு சுளையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சென்றார். உள்ளே என்ன நடந்தது என்பதை நாங்கள் பார்க்கவில்லை. சிறிது நேரத்தில் சன்னல் திறந்தது. “மாமா, இன்னும்!” என்று ஒரு கை வெளியே நீண்டது. ‘இன்னும்’ என்ற சொல்லை அவளுக்கு நான் கற்பிக்கவில்லை. உணவு மேசையில் ஒவ்வொரு வேளையும் அம்மா, “இன்னும்? இன்னும்?” என்று கேட்டுக்கொண்டே சோறு வைத்ததிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காணொலி அழைப்பு வருகிறது. முன்பு அக்காளும் நானும் பேசி முடித்த பின்னர்தான் அம்மாவின் முன் கைப்பேசியைப் பிடிப்போம். இப்போது முதலில் பாட்டியும் பேத்தியும். அவளிடம் உள்ளவை முப்பது சொற்கள் இருக்கலாம், பெரும்பாலும் தின்பண்டங்கள். “பாட்டி, நேத்து நான் சோறு சாப்பிடுறா” என்கிறாள். காலம், இடம் எல்லாம் கலைந்து கிடக்கிறது. அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது, “என்னா கறி?” என்று கேட்கிறார். நான் அறைக்கு வெளியே நின்று கேட்கிறேன். உள்ளே சென்று திருத்தக்கூடாது என்பது மனைவியின் கட்டளை. இதுவரை இரண்டு முறைதான் மீறியிருக்கிறேன்.