சப்டைட்டில் போட்ட புண்ணியவான்கள்



"இந்த வயதிலும் பொம்மைப் படமா?" என்று போன மடலைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், இந்த வயதிலும்தான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் உண்டு. இந்த மடல் அவர்களுக்கு.

தொடக்கம் தூர்தர்ஷன். 1993இல் ஞாயிறு காலைகளில் மோக்லி வருவான். அது நிப்பான் அனிமேஷன் எடுத்த தொடர் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? படம் ஜப்பான், பேச்சு இந்தி. ஒரு வார்த்தை புரியாமலே ஓநாய்க் கூட்டத்தோடு ஓடினோம்.

சிங்கப்பூர் வந்த புதிதில் கேலாங் பகுதியின் லோரோங் (சந்து) ஒன்றில், கடைவீட்டு மாடியில் அறை. கீழே டுரியான் கடை. நடுநிசி தாண்டியும் விளக்கு அணையாது. அங்கேதான் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1988இல் எடுத்த டோட்டோரோ படத்தை அறைத்தோழர் கணினியில் போட்டுக் காட்டினார். அதில் ஒரு பேருந்து நிறுத்தம் வரும். நல்ல மழை. அப்பா வர வேண்டிய பேருந்தைக் காணோம். தூங்கிப்போன தங்கையை முதுகில் சுமந்தபடி அக்கா குடை பிடித்து நிற்கிறாள். தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு டோட்டோரோ என்ற அந்தப் பெரிய உருவம் பக்கத்தில் வந்து நிற்கிறது. அப்பாவுக்கென்று கொண்டுவந்த குடையை அதனிடம் நீட்டுகிறாள். குடைமேல் சொட்டு விழும் ஓசை அதற்குப் பிடித்துப்போக, மரங்களிலிருந்து இன்னும் கொட்டட்டும் என்று எம்பிக் குதிக்கிறது. சண்டை இல்லை, வில்லன் இல்லை. வெறும் காத்திருப்பை அப்படி எடுக்க முடியும் என்று அதுவரை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுச் சம்பள நாளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அது போதாதா?

அதன்பிறகு அனிமே எனப்படும் ஜப்பானியப் பொம்மைப் படத் தொடர்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். பலவற்றுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டவர்கள் ரசிகர்கள். எங்கெங்கோ இருந்த மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் தூக்கம் கெட்டு, வரி வரியாக மொழிபெயர்த்து, காசு வாங்காமல் கொடுத்தார்கள். புரியாத பழக்கம் ஏதாவது வந்தால் திரையின் மேல் ஓரத்தில் சின்னதாய் ஒரு குறிப்பு இருக்கும். ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் குறிப்புகள் தந்தது.

2007இல் இங்கே இடி விழுந்தது. பதிவிறக்கம் செய்தவர்களுக்கு உரிமம் பெற்ற நிறுவனம் கடிதம் அனுப்பி, 3,000 முதல் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கட்டச் சொன்னது. பிள்ளைகள் பார்த்ததற்குப் பெற்றோர் பெயரில் கடிதம். நாள் முழுக்கக் குனிந்து வரைகிற கலைஞருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் பல தொடர்கள் அன்று இங்கே விற்பனைக்கு வரவில்லையே! வாசலைத் திறக்காமல் சுவரேறியவனைப் பிடித்த கதைதான். அடுத்த ஆண்டே சன்டெக்கில் முதல் அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா நடந்தது. அங்கே திரண்ட கூட்டத்தை வளர்த்ததில் சப்டைட்டில் போட்ட அந்த ரசிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியாவிலும் ரசிகர்களின் பங்கு அப்படித்தான். 2019இல் மகோட்டோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததற்கு ரசிகர்கள் நடத்திய கையெழுத்து வேட்டை ஒரு காரணம். யூகோ சாகோ, ராம் மோகன் கூட்டணியின் ராமாயண அனிமே படம், எடுத்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில் தமிழ் பேசியது. அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படமும் தமிழில் வந்தது.

டப்பிங் வரட்டும், நல்லதுதான். எனக்கோ அந்த ஜப்பானியக் குரல்களைக் கேட்டபடியே தமிழில் படிக்க ஆசை. இரண்டு மொழியும் தெரிந்த இளைஞர்கள் இன்று சென்னையிலும் இருக்கிறார்கள், இங்கும் இருக்கிறார்கள். நிறுவனங்கள் அவர்களைத் தேடிப் பிடித்து எழுதச் சொல்லட்டும். இந்த முறை கூலி கொடுத்து, படத்தின் முடிவில் பெயரும் போட்டு.

அன்புடன்,
கேலாங்கிலிருந்து