ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழாசிரியர் என்ற முறையில் அதற்கு நாம் வகுப்பிலே ஒரு விளக்கம் சொல்லி வந்தோம். "இங்கே ஆமை என்றது அந்தப் பிராணியை அன்று, பிள்ளைகளே, கல்லாமை, பொறாமை, முயலாமை ஆகியவற்றையே" என்போம். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு மூடநம்பிக்கையைச் சொல்லால் வென்றுவிட்டதாக மகிழ்ந்து நாமும் அடுத்த பாடத்துக்குச் செல்வோம். சென்ற ஆண்டு கச்சான் காற்று வீசிய நாட்களிலே, அந்தச் சொல்விளையாட்டுக்குள் அடங்காத மெய்யான ஆமையொன்று நம் வகுப்பறைக்குள் புகுந்தது.

கன்னியாவுக்கு அப்பால் யாரோ பற்றைக்குத் தீ வைத்து நிலத்தை வெளியாக்கியிருந்தார்கள். சாம்பலுக்கிடையே கிடந்த நட்சத்திர ஆமையொன்றை ஒன்பதாந் தர மாணவி ஒருத்தி சாக்கிலிட்டுக் கொண்டுவந்தாள். கரிய ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சட் கதிர்கள் விரிந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் தீப்பட்டு வெளிறியிருந்தது. "அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டனெண்டிட்டா, சேர்" என்றாள்.

அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்றோம், நம் விளக்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு. அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டிருந்தார். பின்பு சொன்னார்: "நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கும், சேர். ஆனா கிழமைக்கொருக்கா லோன்காரர் வந்து வாசல்ல நிக்கிறார். அதோட இதையும் உள்ள விட எனக்குத் துணிவில்லை."

நாம் வாயடைத்துப் போனோம். 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய நுண்கடன், எத்தனையோ பெண்களைக் கிழமைத் தவணைக்குள் மாட்டி வைத்தது. பழமொழியின் அமீனா இன்று மோட்டார் சைக்கிளில் வருகிறான். அப்பழமொழியின் முற்பாதியைப் பொய்யென்று காட்டுவதிலேயே முனைந்திருந்த நாம், பிற்பாதி எத்துணை மெய்யென்று எண்ணிப் பார்த்தவர்களல்லர்.

ஆமைக்குப் பள்ளியிலேயே ஓர் இருப்பிடம் அமைப்பதென்று முடிவாயிற்று. பண்டகசாலையிலே பழைய முதிரை அலுமாரியொன்று கிடந்தது. ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்கள் இருந்த அலுமாரி அது. 2004 டிசம்பர் 26இல் கடல் பள்ளிக்குள் புகுந்தபோது புத்தகங்களெல்லாம் சேறாயின. அன்று நாம் அதே பள்ளியின் மாணவர். அலுமாரியின் அடிப்பலகை உளுத்திருந்தது. மற்றைப் பலகைகளோ முதிரையாதலின் உறுதியாகவே நின்றன.

அதனை மல்லாக்கக் கிடத்தினோம். கதவுகளைக் கழற்றினோம். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட பெட்டியாயிற்று. உளுத்த பலகையை நீக்கி, உடைந்த மேசையின் பலகையை வைத்து அறைந்தோம். புதுப் பூச்சின் நெடி பிராணிக்கு ஆகாதென்பதால் பழைய வார்ணிசைச் சுரண்டியதோடு விட்டோம். உடைந்த வாங்குகளின் கால்கள் நான்கைப் பொருத்தி, எறும்பேறாதபடி ஒவ்வொன்றையும் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தினோம். செம்மண்ணும் ஆற்றுமணலும் கலந்து நாலங்குலம் பரப்பினோம். மேசை லாச்சி ஒன்றைக் கவிழ்த்து, வாய் வெட்டி, ஆமை ஒதுங்கும் குகையாக்கினோம். காகமும் கீரியும் அணுகாதிருக்க மேலே கம்பிவலை போட்டோம்.

ஊர்வனவற்றுக்குத் தம் உடலின் வெப்பத்தைத் தாமே ஆக்கிக்கொள்ளும் வகையில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நடந்துதான் அவை அதனைச் சரிசெய்கின்றன. ஆகவே பெட்டியின் ஒரு முனை காலை வெயிலிலும் மறுமுனை வேப்பமர நிழலிலும் அமையுமாறு வைத்தோம். பிள்ளைகள் இரு முனைகளிலும் வெப்பமானி வைத்துக் குறித்து வந்தார்கள். சோறு போட வந்தவர்களைத் தடுத்துப் புல்லும் இலையுமே இட்டோம். திருக்குறளின் 126ஆம் குறள் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமையாக்குகிறது. அதனை மனனம் செய்த பிள்ளைகள், ஓட்டுக்குள் ஒடுங்கும் தலையையும் கால்களையும் அன்றுதான் கண்ணாரக் கண்டார்கள்.

அலுமாரிக் கதவின் கண்ணாடியை ஒரு பக்கச் சுவராக்கினால் பார்க்க வசதியாயிருக்கும் என்றார்கள் பிள்ளைகள். அவ்வாறே செய்தோம். ஆமை கண்ணாடியை அறியாது. வெளியே தெரிந்த புல்லை நோக்கி நடந்து ஓயாமல் முட்டியது. மறுநாளே அதனை எடுத்துவிட்டுப் பலகை அறைந்தோம். உயிரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1829இல் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், மூடிய புட்டிக்குள் பன்னம் முளைத்ததைக் கண்டு, செடிகளுக்கான கண்ணாடிப் பெட்டியை வகுத்தார். அத்தகைய பெட்டிகளிலேதான் 1876இல் ஏறத்தாழ 1,900 ரப்பர் நாற்றுக்கள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றின் பின்னே எழுந்த தோட்டங்களையும் அங்கே உழைத்தவர்களின் லயன் அறைகளையும் நாம் அறிவோம். உயிரை அழகாகக் காட்டும் கண்ணாடி, உயிரைச் சரக்காக்கவும் வல்லது.

மூன்றாம் நாள் விஞ்ஞான ஆசிரியை நம்மைத் தனியே அழைத்தார். நட்சத்திர ஆமை 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டதென்றும், அதனை வைத்திருப்பது குற்றமென்றும் சொன்னார். இலங்கையிலும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வறண்ட பற்றைகளில் வாழும் இவ்வினம், செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் பெருமளவில் கடத்தப்படுகிறது. அதனால் 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, இதன் சர்வதேச வாணிபத்தை முற்றாகத் தடைசெய்யும் பட்டியலில் இதனைச் சேர்த்தது. எடுத்துக் கொடுப்பவன் ஏழை. விலை வைப்பவன் வேறொருவன். அகப்படும்போது முதலில் அகப்படுகிறவனும் ஏழையே.

இதனை அறிந்தபின்னும் எட்டு நாட்கள் நாம் வாளாவிருந்தோம். காயம் ஆறட்டும் என்றோம். அந்தச் சிறுமியின் வீட்டுக்கு விசாரணை போகுமோ என்று அஞ்சுகிறோம் என்றோம். இரண்டும் பாதி உண்மை. மறுபாதி வேறு: நம் கைகளால் செய்த பெட்டியின் மீது நமக்கு ஆசை வந்துவிட்டது.

ஒரு மாலை, பள்ளி கலைந்தபின், பெட்டியருகே தனியே நின்றோம். ஆமை சுவரோரமாக நடந்துகொண்டிருந்தது. மூலைக்கு வந்ததும் பலகையைப் பிறாண்டியது, திரும்பியது, அடுத்த மூலையிலும் பிறாண்டியது. "விளையாடுது" என்று பிள்ளைகள் சொன்ன ஓசை அதுதான். விளையாட்டன்று, அது வாசல் தேடியது. வெயிலும் நிழலும் புல்லும் அளந்து கொடுத்திருந்தோம். வாசலை மட்டும் கொடுக்கவில்லை. ஆமை புகுந்ததால் வீடு கெடுவதில்லை. வீடு புகுந்த ஆமையே கெடுகிறது.

மறுநாள் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில், இதனை வைத்திருந்தவர் நாமே என்று எழுதிக் கொடுத்து ஒப்படைத்தோம். புண்ணைப் பார்த்த அலுவலர், ஆறியதும் காட்டில் விடுவோம் என்றார். அந்த மாணவி அழவில்லை. "இந்த முறை தீ வைக்காத இடமாப் பாத்து விடச் சொல்லுங்க, சேர்" என்றாள்.

பெட்டியை அப்படியே விட்டுவைத்தோம். மாரி தொடங்கியதும் கம்பிவலை வழியாக மழை இறங்கி, செம்மண்ணிலே புல் முளைத்தது. அதன் தாயைச் சந்தையடியில் ஒருநாள் கண்டோம். "ஆமை போயிட்டுதாம், சேர். நல்லது" என்றார். சற்று நின்று, "வாசல்ல நிக்கிறவர்தான் இன்னும் போகேல்லை" என்றார்.

இப்போதும் அப்பழமொழியை வகுப்பிலே சொல்கிறோம். ஆனால் கல்லாமை, பொறாமை என்று சொல்லிச் சிரிக்கவைத்து முடிப்பதில்லை. பிற்பாதிக்கு வந்ததும், வாங்கிய முதலையும் கட்டும் கிழமைத் தவணையையும் வைத்து வட்டிக் கணக்கொன்றைக் கரும்பலகையில் போடுகிறோம். தமிழ்ப் பாடத்தில் கணக்கு எதற்கு என்று எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்கவில்லை.