பட்டையின் தடம்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் ஒரு கிழட்டு லேப்ரடார். கழுத்தில் பட்டையின் தடம் மட்டும் மிச்சம். ஆட்டோ நின்றால் போதும், வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது. இறங்குபவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

"சங்கரா தலையப் போட்டாலும் மோந்துட்டுப் போயிடுது தம்பி. பிஸ்கட் தின்ன வாயி" என்றார் மீன்கார அக்கா.

1959ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு விடாமல் வற்புறுத்தித்தான், 1996ல் சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. அது தெருவில் பிறப்பவற்றுக்கு. காசு கொடுத்து வாங்கி, வயசானதும் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறவர்களுக்கு எந்த ஊசி?

காப்பகம் ஒன்றில் கேட்டேன், இடமில்லையாம். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

டாமி, ஜிம்மி, சீசர்... எந்தப் பெயருக்கும் காது அசையவில்லை. தயிர்சாதம் வைத்தேன். சாப்பிட்டது, ஒரு கண் சாலையில்.