சாப்பிடுகிற கடல்

கோலா கெடா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளைகள் இரண்டும் நல்லபடியாகக் கிள்ளான் வந்து சேர்ந்ததில் நிம்மதி. "அந்த நீலக் கடல் வேண்டும்" என்று உன் உயிரை வாங்குகிறார்களாமே! போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். எழுதியே அனுப்புகிறேன்.

ஜெட்டியில் லங்காவி ஃபெரி புறப்படுவதைப் பார்த்துவிட்டு வந்த சின்னவள், கடலைச் சாப்பிட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவை இருவரையும் பறித்துவரச் சொன்னேன். ஒரு கைப்பிடிப் பூவைக் காம்பு கிள்ளி வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் நல்ல நீலம் இறங்கும்.

அந்த நீலத் தண்ணீரோடு சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள். 10 கிராம் கடல்பாசித் தூளை ஆறிய தண்ணீரிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்று. முக்கால் கோப்பை சீனி, முடிச்சுப் போட்ட பண்டான் இலை ஒன்று. கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விட வேண்டும். தூள் முழுக்கக் கரையாவிட்டால் சரியாக உறையாது. அடுப்பு வேலை மட்டும்தான் உன்னுடையது. பழத்தில் கை வைக்காதே, அது அவர்களுடையது.

பெரியவன் பப்பாளியில் மீன் வெட்டினான். உடம்பைவிட வால் பெரிது, நான் திருத்தவில்லை. நட்சத்திரப்பழத்தைக் குறுக்கே அரிந்தால் கடல் நட்சத்திரம் தானாகவே கிடைத்துவிடும். சின்னவளுக்கு ரம்புத்தான். கொட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன், அவள் சதையை நீளநீளமாகக் கிழித்துத் தொங்கவிட்டு "சொறிமீன்" என்றாள். நீலத்துக்குள் அது நிஜமாகவே சொறிமீன்போல மிதந்தது, போ! கொட்டை எதுவும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள், சின்னவளுக்குத் தொண்டையில் சிக்கும். உன் மாமியாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது அல்லவா, நட்சத்திரப்பழம் கலந்த துண்டை அவருக்குக் கொடுக்கவே கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்தப் பழம் விஷம்.

தட்டில் முதலில் மெல்லிசாக ஊற்றி, விரலில் ஒட்டுகிற பதத்தில் பழங்களை அடுக்கி, மீதியைச் சூட்டோடு ஊற்று. முழுக்க இறுகவிட்டு ஊற்றினால் அடுக்கு இரண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். கொஞ்சம் நீலத்தைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, அடுப்பை அணைத்த பிறகு, கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றைச் சில சொட்டு விடச் சொல். கண்ணெதிரே ஊதாவாக மாறும். இரண்டும் குதித்த குதியில் பக்கத்து வீட்டு மக்சிக் எட்டிப் பார்த்தார். புளிப்பைச் சேர்த்துக் கொதிக்கவைக்காதே, பாசி உறையும் தன்மை போய்விடும்.

உன் வீட்டுக்காரர் ஜெலட்டின் பாக்கெட் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாய். அது இதற்கு ஆகாது. மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுப்பது. நம் வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கும் ஒத்துவராது, மக்சிக் வீட்டைப் போன்ற முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நம்பிக் கொடுக்க முடியாது. தவிர, வேகவைக்காத பப்பாளியும் அன்னாசியும் ஜெலட்டினைக் கரைத்துவிடும், எவ்வளவு நேரம் வைத்தாலும் உறையாது. அப்படியே உறைந்தாலும் நம்ம ஊர் வெயிலுக்கு மேசையிலேயே ஓடிவிடும். கடல்பாசி ஏறக்குறைய 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகிவிடும். மறுபடி உருக 85 டிகிரி வேண்டும்.

பெரியவனுக்கு அறிவியல் பிடிக்கும் என்பதால் ஒன்று சொன்னேன், நீயும் கேட்டுக்கொள். 1881-ல் ஜெர்மனியில் கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தி, கோடையில் அது உருகிப்போய்த் தவித்திருக்கிறார்கள். வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் பழ ஜெல்லிகள் வெயிலிலும் உருகாமல் நிற்பதைச் சொல்லிக் கடல்பாசியைக் கொடுத்தார். ஜாவாவில் இருந்துவந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் கற்றுக்கொண்டதாம். ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி காசநோய்க் கிருமியை ஆராய்ந்த காலம் அது. இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் இதே பாசிதான். ஃபேனிக்குக் காசும் வரவில்லை, பேரும் வரவில்லை. சமையற்கட்டுக்காரிகளின் தலையெழுத்து!

அம்மாவுக்கு இந்த டிகிரிக் கணக்கெல்லாம் தெரியாது. பீடோங் பக்கம் தோட்டத்து லயத்தில் நமக்கேது குளிர்பெட்டி? பால்மரம் வெட்டிவிட்டு வந்து, இழைப் பாசியை ஊறவைத்துக் காய்ச்சி எனாமல் தட்டில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியோரம் வைத்துவிடுவார். சாயங்காலத்துக்குள் இறுகியிருக்கும். பழம் என்றால் வீட்டுப்புறக் கொய்யாவும் வாழையும்தான். வாழை கறுத்துப்போகும், நாம் சண்டை போட்டுத் தின்றோம்.

கடையில் சின்னக் கோப்பைகளில் விற்கும் ஜெல்லியை மட்டும் வாங்கிப் பழக்காதே. சீனியும் சாயமும்தான், பழம் என்பது மேலே ஒட்டிய படத்தில்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு இரண்டு பேரையும் மறுபடி அனுப்பி வை. வரும்போது அந்த எனாமல் தட்டையும் கொடுத்துவிடு. அது உன் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது என்று சின்னவள் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அக்கா